ஆளில்லாத பெஞ்சுக்குச் சொன்ன ‘சரி’

பெருந்தொற்று ஓய்ந்து, முகக்கவசங்களை மக்கள் பையின் ஏதோ ஒரு மூலையில் போட்டு மறந்துவிட்டிருந்த காலம் அது. விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்கூடங்கள் வரிசையாக இருக்கும் சாலையில், ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய பயிற்சி மையத்தில் நான் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பணிக்கான தேர்வு எழுதுபவர்கள் அங்கே படித்தார்கள். திட்டக்குடியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். பெரும்பாலோர் திருமணமான பெண்கள். பி.எட். முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள்.

அதற்கு முன் நெடுங்காலம் தனியார் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். அங்கே, பாடத்தை முடித்தாக வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விதி. ஒரு கேள்வியைக் கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்க நேரம் இடம் கொடுக்காது. கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓடியிருக்கிறேன். பயிற்சி மையத்துக்கு வந்த பிறகுதான், கேட்டுவிட்டு முகங்களைப் பார்த்தபடி நிற்பதில் உள்ள சுகத்தை அறிந்தேன். ஒருத்தி உதட்டைக் கடிப்பாள். ஒருத்தி விரலால் மேசையில் எழுதிப் பார்ப்பாள். பதில் அவர்களுக்குள் உருண்டு திரண்டு மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐம்பதை நெருங்கும் வயதில் கிடைத்த அந்த வகுப்பறையை, எனக்கென்று வாய்த்த ஒரே இடமாக நினைத்தேன். அதை இழக்காமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு அப்போது இருக்கவில்லை.

அங்கே நான் மிகவும் விரும்பி நடத்திய பாடம், ஆங்கில இலக்கணத்தில் ‘அப்சொல்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லப்படும் பகுதி. பெயரைக் கேட்டதுமே மாணவிகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நானும் கல்லூரியில் அதை மனப்பாடம் செய்துதான் தேறியவள். ஒரு வாக்கியத்தின் ஓரத்தில், தனக்கென்று ஓர் எழுவாயோடு, எந்த இணைப்புச் சொல்லும் இல்லாமல் நிற்கும் தொடர் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அது என்னவென்று உண்மையில் புரிந்தது பல ஆண்டுகள் கழித்து, தமிழில் எதையோ படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில். ‘மழை விட, நாங்கள் கிளம்பினோம்.’ விட்டது மழை, கிளம்பியது நாங்கள். ஆளும் இரண்டு, வேலையும் இரண்டு. நடுவில் ‘ஆகையால்’ கிடையாது, ‘அதன் பிறகு’ கிடையாது. ஆனாலும் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்று எத்தனை இயல்பாக நிற்கிறது. இதையா இவ்வளவு காலம் பூதம் என்று எண்ணிப் பயந்தோம் என்றிருந்தது எனக்கு.

அன்றிலிருந்து அதைத் தமிழ் வழியாகத்தான் நடத்தினேன். ‘நாலு பேர் பார்க்கத் திட்டினார்’ என்று சொல்கிறோமே, பார்ப்பது நாலு பேர், திட்டுவது வேறொருவர் என்பேன். உடனே ஒருத்தி, “எங்க மாமியா தெனம் அந்த கன்ஸ்ட்ரக்‌ஷன்லதான் மேடம் திட்டுறாங்க” என்பாள். வகுப்பே சிரிக்கும். சிரித்த பிறகு அந்தப் பாடம் யாருக்கும் மறக்காது.

இதில் நேரும் தவறைக் காட்ட, எங்கள் ஊர் ரயில் சந்திப்பையே உதாரணமாக வைத்திருந்தேன். ‘பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ரயில் புறப்பட்டது’ என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் எழுதிப்போடுவேன். உட்கார்ந்தது யார் என்று கேட்பேன். பயணிகள் என்பார்கள். வாக்கியத்தில் பயணிகள் எங்கே இருக்கிறார்கள், காட்டுங்கள் என்பேன். தேடுவார்கள். யாரோ ஒருத்திக்கு முதலில் பிடிபடும். “அய்ய, ரயிலுதான மேடம் குந்திக்கினு இருக்குது” என்பாள். ‘பயணிகள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்க, ரயில் புறப்பட்டது’ என்று திருத்தி எழுதும்போது, காணாமல்போன மனிதர்களை வாக்கியத்துக்குள் அழைத்து உட்காரவைத்த நிறைவு எல்லோருக்கும் வந்துவிடும்.

ஒரு பங்குனி மாதத்தில் என் உடல்நலம் கெட்டது. கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்றும், பிறகு சில மாதங்கள் முழு ஓய்வில் இருக்க வேண்டும் என்றும் புதுச்சேரியில் மருத்துவர் சொல்லிவிட்டார். மையத்தின் நிறுவனரிடம் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் இளையவர்; கணிதம் படித்தவர். என்னை ‘அக்கா’ என்றுதான் அழைப்பார். அந்த அழைப்பில் பொய் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

“ஒடம்புதாங்கா முக்கியம். நீங்க போயிட்டு நல்லபடியா வாங்க” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஒண்ணு செய்யலாமா? போறதுக்குள்ள பாடத்தையெல்லாம் வீடியோ எடுத்து வெச்சிடலாம். நீங்க வர்ற வரைக்கும் புள்ளைங்க சும்மா இருக்க வேணாம்ல” என்றார்.

எனக்கு அது கருணையாகத்தான் தெரிந்தது. வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். என் இடத்தை எனக்காகவே வைத்திருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

பதிவு செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் மண் அரைக்கும் பெரிய உருளை காலையிலிருந்து கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். வகுப்பில் அது எங்களுக்குப் பழகிப்போன சத்தம். பதிவில் என் குரலை விழுங்கிவிட்டது. ஆகவே அங்கே சாப்பாட்டுக்கு உருளையை நிறுத்தும் நேரத்தில் மட்டும் பதிவு செய்தோம். மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். வியர்த்து வழிய, ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். நிறுவனர் தன் கைபேசியை ஒரு தாங்கியில் பொருத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம், பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் பெண்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜன்னல் வழியாக என் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் நான் கீழே இறங்கும்போது அவர்களில் ஒருவர் கேட்டார்:

“ஏன் டீச்சரு, மேல ஆளே இல்ல, யாருகிட்ட அவ்ளோ நேரம் பேசுறீங்க?”

“இனிமே படிக்க வரப்போறவங்ககிட்டங்க.”

“அப்ப எங்க பாடு தேவல. நாங்க பேசுனா பொம்மையாச்சும் எதிர்ல இருந்து கேக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காலிப் பெஞ்சுகளாக இருந்தாலும் என் பழக்கம் என்னை விடவில்லை. கேள்வி கேட்டதும் நிறுத்துவேன். கடந்த ஆண்டு படித்தவர்களின் முகங்களை அந்தப் பெஞ்சுகளில் வைத்துப் பார்ப்பேன். இந்நேரம் இவளுக்குப் புரிந்திருக்கும், இதோ சொல்கிறாள் என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டு, “சரியாச் சொன்னீங்க. உட்காருங்க” என்பேன். பிறகு அடுத்த கேள்விக்குப் போவேன். முதல் நாள் பதிவு முடிந்ததும் நிறுவனர், “நடுவுல நடுவுல சும்மா நிக்கிறீங்களேக்கா, அந்த எடத்தையெல்லாம் வெட்டிடவா? நீளுது” என்றார்.

“வேண்டாம் தம்பி. அவங்க யோசிக்கிற இடமே அதுதான்.”

அவர் மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். “ஆமாங்கா. நேர்ல நடத்துற மாதிரியே இருக்குது” என்று வெகுவாக மகிழ்ந்துபோனார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய புதிதில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு நலம் விசாரித்தார். ஆனி பிறந்ததும் நான் கூப்பிட்டு, வரலாமா என்று கேட்டேன். “இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, அவசரமே இல்ல” என்றார். ஆடியில் கேட்டேன். “புது பேட்ச்சு இப்பத்தான் சேர்ந்திருக்குதுக்கா. செட்டாவட்டும்” என்றார். அதன் பிறகு நான் கூப்பிட்டால், வகுப்பில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று குறுஞ்செய்தி வரும். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரில் போய் நின்றால், உடம்பு தேறிவிட்டதைப் பார்த்து, நாளையிலிருந்து வாருங்கள் என்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன். ஆவணியில் ஒரு முற்பகலில் புறப்பட்டுவிட்டேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் முகம். வாசலில் கட்டியிருந்த பதாகையில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். புதிய சேர்க்கை நடைபெறுகிறது என்று கீழே எழுதியிருந்தது. கைப்பிடியைப் பற்றி மெதுவாகப் படியேறினேன். பாதிப் படியில் என் குரல் கேட்டது. ரயில் உதாரணத்தை முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான் படுத்துக் கிடந்த நாளெல்லாம் இங்கே என் பாடம் நின்றுபோகவில்லை என்ற மகிழ்ச்சி.

பின்பக்கக் கதவருகே போய் நின்றேன். அறை நிறைந்திருந்தது. எல்லாம் புது முகங்கள். முன்சுவரில் பெரிய திரை. அதில் நான், நீல நிறக் கைத்தறிப் புடவையில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குப் பின்னாலிருந்த கரும்பலகையில், இந்த ஊருக்கென்றே நான் யோசித்து எழுதிய பயிற்சி வாக்கியம் இருந்தது. தமிழில் சொன்னால், ‘சூளையைத் திறந்து, பொம்மைகள் வெடித்தன.’

திரையில் இருந்த நான் கேட்டேன்: “இந்த வாக்கியத்தின்படி, சூளையைத் திறந்தது யார்?”

பிறகு நின்றேன். காத்திருந்தேன்.

இரண்டாவது வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள். திரையைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். மேடம் கேள்வி கேட்டால் எழுந்துதான் பதில் சொல்ல வேண்டும் என்று நிறுவனர் அவர்களுக்குச் சொல்லியிருந்தார் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

“எங்க வூட்டுக்காரருதான் மேடம்” என்றாள் அவள்.

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பி, “பின்ன? பக்கத்துக் கம்பெனியில அவருதானடி சூளை பாக்குறாரு. ஆறுறதுக்குள்ள தொறந்துட்டாருன்னா வெடிச்சிடும்” என்றாள்.

எத்தனை அழகான தவறு அது. நான் அங்கே இருந்திருந்தால் அந்தப் பதிலை விட்டிருக்கவே மாட்டேன். உன் கணவரை வாக்கியத்தில் காட்டம்மா என்று கேட்டிருப்பேன். அவள் தேடியிருப்பாள். பொம்மைகளே கதவைத் திறந்துகொண்டு வெடித்த அதிசயம் அவளுக்கே புலப்பட்டிருக்கும். ‘என் கணவர் சூளையைத் திறக்க, பொம்மைகள் வெடித்தன’ என்று அவளே எழுதியிருப்பாள்.

திரையில் நான் புன்னகைத்தேன். “சரியாச் சொன்னீங்க. உட்காருங்க” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. குனிந்து எழுதிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் எழுதுவதை எட்டிப் பார்த்து எழுதினார்கள்.

“இல்லம்மா, அது சரியில்லை” என்று என்னையறியாமல் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் மிகவும் இளைத்துப் போயிருந்தேன். முடி கொட்டியதால் தோள் வரைக்கும் வெட்டியிருந்தேன்.

“நீங்க யாருங்க? அட்மிஷனா? ஆபீஸ் அந்தாண்ட இருக்குதுங்க” என்றாள் கடைசி வரிசைப் பெண்.

“அந்தப் பதில் தப்பு. வாக்கியத்தில் அவள் கணவரே இல்லை.”

“மேடமே சரின்னு சொல்லிட்டாங்களே” என்றாள் அந்த இளம்பெண்.

“அந்த மேடம் நான்தாம்மா.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். திரையைப் பார்த்தார்கள். மீண்டும் என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி தாழ்ந்த குரலில், “ஆமாடி, சாயல் இருக்குது” என்றாள்.

அதற்குள் திரையில் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. அடுத்த கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் ஒருத்தி, “கொஞ்சம் மெதுவா பேசுங்க, கேள்வி போவுது” என்றாள். அதை நிறுத்தச் சொன்னேன். எப்படி நிறுத்துவதென்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை; அலுவலக அறையிலிருந்து ஓடவிடுகிறார்களாம். ஆகவே என் குரலுக்கு மேலே நான் பேச வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் வந்த குரலில் நோயின் களைப்பு இல்லை. அது நிதானமாக, தெளிவாக, எனக்கு இடம் விடாமல் பேசிக்கொண்டே போயிற்று.

அந்த இளம்பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நீங்கதான் மேடம்னா, நீங்களேதான சரின்னு சொன்னீங்க?”

“அது உனக்குச் சொன்னதில்லைம்மா.”

“பின்ன யாருக்குச் சொன்னீங்க?”

யாருக்கும் இல்லை என்பதுதான் அதற்குப் பதில். திரை மறுபடியும் யாருக்கோ சரி என்றது.

சத்தம் கேட்டு நிறுவனர் வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கி, பின் இயல்பாயிற்று. “அக்கா, வாங்க வாங்க. ஏன் நின்னுக்கினே இருக்கீங்க, ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? ஆபீஸ்ல உட்காரலாம்” என்று பரிவோடு அழைத்துப் போனார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் எப்போது வகுப்புக்கு வரலாம் என்று கேட்டேன்.

அவர் டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “அக்கா, நான் வேற யாரையும் போடல. எத்தன பேரு வந்து கேட்டாங்க தெரியுமா? வேணாம், எங்க அக்கா கிளாஸுதான்னு சொல்லிட்டேன். இப்பவும் நீங்கதான நடத்துறீங்க?”

“நான் இல்லை தம்பி. அங்கே இருப்பது நான் இல்லை. அந்தப் பெண் தப்பாகச் சொன்னாள், நான் சரி என்று உட்காரவைக்கிறேன். அவள் அதையே போய்த் தேர்வில் எழுதுவாள்.”

“அதானே விஷயம்? நான்தான் அன்னிக்கே சொன்னேன்லக்கா, அந்த கேப்ப வெட்டிடலாம்னு. இன்னிக்கே வெட்டிடறேன். சரியாச் சொன்னீங்கன்றதையும் எடுத்துடறேன். பிரச்சன தீந்துது.”

அவர் எனக்கு உதவி செய்வதாகவே நம்பினார் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. முழு வகுப்பு தராவிட்டாலும் வாரத்தில் ஒரு நாள், சந்தேகம் கேட்பதற்கு மட்டுமாவது வருகிறேனே என்று கேட்டேன். கெஞ்சுவதுபோல் என் குரல் ஒலித்ததை நானே கேட்டேன்.

“சந்தேகமே யாருக்கும் வர்றதில்லக்கா” என்றார் அவர், ஒரு நல்ல செய்தியைச் சொல்லும் முகத்தோடு. “முன்னல்லாம் கிளாஸ் முடிஞ்சா உங்கள சுத்தி நின்னுக்கினு புரியல புரியலன்னு கேப்பாங்கள்ல? இந்த பேட்ச்சுல ஒருத்தர்கூட அப்புடி வரல. பாக்கலாங்கா. இந்த பேட்ச்சு போவட்டும். ஆட்டோ வரச் சொல்லட்டுங்களா?”

நான் எழுந்துகொண்டேன். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன் என்பது படியிறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கீழே வந்து சாலையோரம் நின்றபோது வகுப்பு விட்டுவிட்டது. பெண்கள் என்னைக் கடந்து போனார்கள். ஓரிருவர் வணக்கம் சொன்னார்கள். மற்றவர்கள் சற்று ஒதுங்கி நடந்தார்கள். அந்த இளம்பெண் மட்டும் என் அருகில் வந்து நின்றாள். நோட்டுகளை மார்போடு அணைத்திருந்தாள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டா?”

“கேளும்மா.”

“எங்க வூட்டுக்காரரு அதுல இல்லன்னா, மிச்சம் பொம்மைதான இருக்குது. பொம்மை எப்புடி மேடம் சூளையத் தொறக்கும்?”

மாதக்கணக்காக நான் காத்திருந்த கேள்வி அது. சாப்பாட்டு நேரம் முடிந்திருக்க வேண்டும். பக்கத்துத் தொழிற்கூடத்தில் உருளை ஓடத் தொடங்கிவிட்டது. நான் குரலை உயர்த்தினேன். பொம்மை திறக்காது, ஆனால் வாக்கியத்தில் வேறு ஆளை நீ வைக்கவில்லை என்றால், படிப்பவன் அந்தப் பொம்மையைத்தான் பிடித்துக்கொள்வான் என்று தொடங்கினேன். அவள் புருவத்தைச் சுருக்கிக் கேட்டாள். உதடுகள் லேசாக அசைந்தன. இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அவளுக்குப் பிடிபட்டுவிடும் என்று தெரிந்தது. உன் கணவரை எந்த இடத்தில் வைப்பாய் என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன்.

சாலையில் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் கணவர். சட்டையெல்லாம் வெள்ளை மண் படிந்திருந்தது. காலை முறை வேலை முடிந்து மனைவியை அழைத்துப்போக வந்திருக்கிறார். என்னையும் பதாகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னாமே, டீச்சரு டிவியிலேருந்து எறங்கி வந்துட்டாங்களா?” என்று மனைவியிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “சும்மா தமாஷுக்குத்தாங்க. நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றார்.

“இருங்க, ஒரு நிமிஷம்” என்றாள் அவள்.

“எல்.கே.ஜி. மதியத்தோட வுட்டுருப்பாங்க, புள்ள காத்துக்கினு இருக்கும். ஏறு.”

அவள் என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். “பரவால்ல மேடம். நான் வீடியோவுலயே இன்னொரு தரம் பாத்துக்கறேன். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க. போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் என் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் இருந்தது மரியாதையா, யோசனையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. யோசனையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

நிறுவனர் அதன் பிறகு என்னை அழைக்கவில்லை. சொன்னபடியே காத்திருக்கும் இடங்களையெல்லாம் வெட்டிவிட்டார் என்று அங்கே படித்த ஒருத்தி பின்னொரு நாள் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள். பாடம் இப்போது இன்னும் வேகமாகப் போகிறதாம்; நன்றாக இருக்கிறதாம். சண்டை போட்டிருக்கலாமே என்று என் தோழி கேட்டாள். யாரோடு போடுவது? அவர் என்னிடமிருந்து எதையும் பறித்ததாக அவருக்கே தெரியவில்லை. நான் சம்மதித்துத்தான் பேசினேன். என் குரல், என் உதாரணம், என் புடவை. எல்லாம் அங்கே இருக்கிறது. எனக்குத்தான் அங்கே இடமில்லை. அந்த இளம்பெண் தேர்வில் என்ன எழுதினாள், வேலை கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது.

இப்போது என் வீட்டு முன்னறையில் சில பெண்கள் மட்டும் வந்து படிக்கிறார்கள். ஒருத்தி பதில் சொல்லி முடித்த பிறகும் நான் சற்று நேரம் பேசாமல் இருப்பதைக் கண்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர்கள் பதறுகிறார்கள். அவர்களைத் தேற்றுகிறேனே தவிர, ‘சரி’ என்ற அந்த எளிய சொல், கேட்ட பதிலை இன்னொரு முறை மனத்துக்குள் கேட்டுப் பார்க்காமல் என் வாயிலிருந்து வருவதே இல்லை.